சொல்லிவிட்டுக் காயை நகர்த்து

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கோலியனூர். அந்தப் பக்கத்தில் நிலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஏக்கரும் சென்டும் பத்திரத்தோடு நின்றுவிடும். வாய்ப்பேச்சில் இன்னும் காணியும் குழியும்தான். ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. 100 குழி சேர்ந்தால் ஒரு காணி. அது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். ஒரு காணியைச் சரியான சதுரமாக வரைந்தால் நீளவாக்கில் 10 குழி, அகலவாக்கில் 10 குழி. நூறு கட்டம் போட்ட ஒரு விளையாட்டுப் பலகை அப்படியே கிடைத்துவிடுகிறது.

அந்தப் பலகையை வீட்டிலேயே செய்து மனக்கணக்கும் கணக்குச் சொற்களும் பழக முடியும். செய்முறையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பலகை விளையாட்டு உண்மையிலேயே கணக்கைக் கற்றுத்தருகிறதா? தருகிறது என்றால் அதில் எது கற்றுத்தருகிறது: கட்டமா, பகடையா, போட்டியா? உளவியல் ஆய்வுகள் இதற்குத் தெளிவான விடை தந்திருக்கின்றன. பலகை பாதி வேலையைச் செய்கிறது. மறுபாதியைச் செய்வது குழந்தையின் வாய்.

மனத்துக்குள் ஒரு கோடு

ஒரு தாளில் நீளமாகக் கோடு போடுங்கள். இடது முனையில் 0, வலது முனையில் 100 என்று எழுதுங்கள். ஐந்து வயதுக் குழந்தையிடம் கொடுத்து, 10 எங்கே வரும் என்று கேளுங்கள். பல குழந்தைகள் உரிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் வலப்பக்கம் போய்ப் புள்ளி வைப்பார்கள். 70, 80, 90 எல்லாம் வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சிறிய எண்களுக்கு நடுவே உள்ள தூரம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. பெரிய எண்கள் எல்லாம் 'நிறைய' என்ற ஒரே குவியலாகிவிடுகின்றன. இரண்டாம் வகுப்பு வாக்கில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் கோடு சீராகிறது.

இந்தக் கோடு ஏன் முக்கியம்? 38-ஐயும் 27-ஐயும் கூட்டச் சொன்னால் சில பிள்ளைகள் 3-ஐயும் 2-ஐயும் கூட்டி 5, 8-ஐயும் 7-ஐயும் கூட்டி 15, ஆக 515 என்று எழுதுவார்கள். மனத்தில் கோடு சீராக இருக்கும் பிள்ளைக்கு 515 வர வாய்ப்பே இல்லை என்று எழுதும்போதே தெரிந்துவிடும். விடை நூற்றுக்குள் இருக்க வேண்டும், 60-க்கும் 70-க்கும் நடுவே எங்கோ இருக்க வேண்டும் என்று உள்ளுணர்வு சொல்லும். மனக்கணக்கின் முதல் திறமை இந்த உள்ளுணர்வுதான். வேகம் பிறகு வரும்.

2008-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்கான அரசு முன்பள்ளிகளில் 124 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய பலகை. மற்றவர்களுக்கு அதே அளவுப் பலகை, ஆனால் எண்ணுக்குப் பதில் நிறம். சுழற்றும் முள் 1 அல்லது 2 காட்டும். அதன்படி காய் நகரும். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம். மொத்தமே ஒரு மணிநேரத்துக்குச் சற்று அதிகம். எண் பலகையில் ஆடிய குழந்தைகள் எண்களை அடையாளம் காண்பதிலும், எது பெரிது என்று சொல்வதிலும், கோட்டில் இடம் குறிப்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. நிறப் பலகையில் ஆடியவர்களிடம் அப்படி எதுவும் நேரவில்லை.

காரணம் இதுதான். வரிசைப் பலகையில் 8-ஆம் கட்டத்துக்குப் போன குழந்தை 4-ஆம் கட்டத்துக்குப் போனதைப்போல இரண்டு மடங்கு தூரம் போயிருக்கிறது. இரண்டு மடங்கு எண்களை உச்சரித்திருக்கிறது. இரண்டு மடங்கு முறை கையை நகர்த்தியிருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்திருக்கிறது. கண், வாய், கை, நேரம் ஆகிய நான்கும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. மறு ஆண்டு இதே ஆய்வாளர்கள் எண்களை வட்டமாக அடுக்கிப் பார்த்தார்கள். நேர்வரிசையில் கிடைத்த பலன் வட்டத்தில் கிடைக்கவில்லை. எண் வளர வளர ஒரே திசையில் தூரமும் வளர வேண்டும் என்பது அதிலிருந்து உறுதியாயிற்று.

ஒரே பலகை, இரண்டு விதமாக எண்ணுதல்

என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான முடிவு 2014-இல் வந்தது. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 கட்டம் கொண்ட பலகையைச் செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே பலகை, ஒரே விதமான நகர்வு. வேறுபாடு ஒன்றே ஒன்று. 47-ஆம் கட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு 5 விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவினர் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று எண்ணிக்கொண்டே நகர்த்தினார்கள். மற்றக் குழுவினர் "நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லிச் சொல்லி நகர்த்தினார்கள். கோட்டில் எண்ணை வைக்கும் திறமை இரண்டாவது குழுவுக்கே நன்றாக வளர்ந்தது.

நம் வீடுகளில் பரமபதம் ஆடும்போது என்ன செய்கிறோம்? வைகுண்ட ஏகாதசி இரவில் பாம்பும் ஏணியுமாக விடிய விடிய ஆடினாலும் காயை "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றுதான் நகர்த்துகிறோம். 52 என்ற எண் கண்ணில் படுவதே காய் போய் நின்ற பிறகு. 47-க்கும் 5-க்கும் 52-க்கும் உள்ள உறவு அந்த ஆட்டத்தில் ஒரு நொடிகூட மனத்தில் தங்குவதில்லை. மனம் எதைக் கவனித்துப் பதித்துக்கொண்டதோ அதைத்தான் கற்கிறது. பரமபதப் பலகையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எண்ணும் முறையை மாற்றினால் போதும். அதே பலகை கணக்குப் பலகையாகிவிடும்.

நம் ஆட்டங்களுக்குள் இருக்கும் கணக்கு

ஒவ்வொரு பலகையும் வேறு வேறு கணக்கைக் கற்றுத்தருகிறது. தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: புள்ளி இல்லாத பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் (அதாவது ஒன்று) விழ 2 வழி, இரண்டு விழ 3 வழி, மூன்று விழ 4 வழி, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே ஒரு வழி. ஆகவே எட்டு முறை உருட்டினால் சராசரியாக ஒருமுறைதான் தாயம் விழும். தாயம் விழாமல் காய் இறங்காத பிள்ளையின் தவிப்பு நிகழ்தகவில் முதல் பாடம்.

பல்லாங்குழியில் 14 குழிகள். ஒரு குழியிலிருந்து அள்ளிய முத்துகளை அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால், 14 முத்து இருந்தால் கடைசி முத்து எடுத்த குழியிலேயே விழும். 17 இருந்தால் ஒரு சுற்று முடிந்து மூன்று குழி தாண்டி விழும். கைதேர்ந்த பாட்டி இதை எண்ணிப் பார்ப்பதில்லை, பார்த்தவுடன் தெரிகிறது. அவர் செய்வது 14-ஆல் வகுத்து மீதியைக் காண்பது. தாயமும் பல்லாங்குழியும் சுற்றி வரும் ஆட்டங்கள் என்பதால் எண்கோட்டை அவை கற்றுத்தருவது அரிது. ஆனால் இரண்டு எண்ணை நொடியில் கூட்டுவதையும், மீதியை முன்கூட்டியே காண்பதையும், அடுத்த ஆட்டத்தை யோசித்து வைப்பதையும் அவைபோல் பழக்குபவை குறைவு.

இதற்கெல்லாம் அருகில் ஒரு பழைய மரபும் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முழு எண்களின் வாய்ப்பாடு மட்டுமில்லை; முந்திரி (1/320), மா (1/20), மாகாணி (1/16) போன்ற பின்னங்களின் பெருக்கலும் நாவில் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு, தென்னிந்தியாவின் எண்களும் அளவைகளும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய நூல் 2022-இல் வந்தது. நெல் அளப்பவர், நிலம் அளப்பவர், பொன் நிறுப்பவர் ஆகியோரின் அன்றாட வேலையோடு பிணைந்த கணக்கை அந்தத் திண்ணைகள் நினைவாற்றலின் வழியே வளர்த்தன என்பது அவர் ஆய்விலிருந்து விளங்குகிறது. உரக்கச் சொல்வது அங்கே கற்கும் முறையின் முதுகெலும்பு. அந்தப் பள்ளிகள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை, பிரம்படியும் உண்டு. அவற்றை அப்படியே திரும்பக் கொண்டுவர யாரும் ஆசைப்பட வேண்டாம். உரக்கச் சொல்லிப் பழகும் உத்தியை மட்டும் எடுத்து, விளையாட்டில் வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

சொல் தெரியாவிட்டால் கணக்கும் தெரியாது

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 17-ஐ 5-ஆல் வகுக்கத் தெரிந்திருக்கும். "மீதி என்ன, ஈவு என்ன" என்று கேட்டால் திகைக்கும். கணக்கு வராமல் போனதற்குக் காரணம் பல நேரம் சொல்லாக இருக்கும். மடங்கு, காரணி, ஈவு, மீதி, முன்னி, தொடரி, பகா எண், இடமதிப்பு போன்ற சொற்களைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மட்டுமே சந்திக்கிறார்கள். கடையில், வயலில், வீட்டில் யாரும் இவற்றைப் பேசுவதில்லை. பேசாத சொல் நாவில் நிற்பதில்லை.

இதைப் பற்றியும் ஆய்வு உண்டு. பர்டூ பல்கலைக்கழகத்தின் டேவிட் புர்புராவும் உடன் பணியாற்றியவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பள்ளிக் குழந்தைகளுக்குக் கதைப்புத்தகம் படித்துக்காட்டியபடியே அதிகம், குறைவு, முன், பின், அருகில் போன்ற சொற்களைப் பேசவைத்தார்கள். எண்ணக் கற்றுக்கொடுப்பது அந்த அமர்வுகளின் நோக்கமாக இல்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகளின் எண்ணறிவு கூடியது. ஒப்பிடும் சொல் கிடைத்தவுடன் ஒப்பிடும் சிந்தனையும் கூர்மையாகிறது.

விளையாட்டை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு பாடம் இருக்கிறது. டெல்லியில் பிரதம் அமைப்பின் 214 முன்பள்ளிகளில் 1,540 குழந்தைகளோடு மொய்ரா டிலன், எலிசபெத் ஸ்பெல்கே, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2017-இல் அது வெளிவந்தது. புள்ளிக் கூட்டங்களை ஒப்பிடுவது, வடிவங்களில் வேறுபட்டதைக் கண்டுபிடிப்பது போன்ற விளையாட்டுகளைக் குழந்தைகள் மாதக்கணக்கில் ஆடினார்கள். எண்ணுருவும் சொல்லும் இல்லாத உள்ளுணர்வுத் திறன் கூடியது. ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. ஆனால் பள்ளியில் கேட்கும் கணக்கில் அந்தப் பலன் நீடித்துத் தெரியவில்லை. உள்ளுணர்வுக்கும் பள்ளிக் கணக்குக்கும் நடுவே பாலம் போட வேண்டியிருக்கிறது.

எதிர்ப்புறத்திலிருந்து வந்த சான்றும் இதையே சொல்கிறது. 1985-இல் பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற 9 முதல் 15 வயதுப் பிள்ளைகளை டெரசின்ஹா கராஹரும் உடன் ஆய்வாளர்களும் கவனித்தார்கள். வியாபாரத்தில் கேட்ட கணக்குகளுக்கு 98 சதவீதம் சரியான விடை. அதே கணக்கைக் காகிதத்தில் வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தால் 37 சதவீதம். 2025-இல் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி வந்த ஆய்வும் இதே பிளவைக் காட்டியது. சந்தைப் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. அறிவு இருக்கிறது, ஆனால் இரண்டு தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கிறது. நல்ல கணக்கு விளையாட்டு இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவைத் திறக்க வேண்டும். கையில் காயும், கண்ணில் எழுதிய எண்ணும், வாயில் பாடப்புத்தகச் சொல்லும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்.

காணிப் பலகை

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும். பக்கத்துக்கு 30 செ.மீ. வரும்படி சதுரம் வரைந்து, 3 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டால் 100 கட்டம். எண்களைக் கீழ் இடது மூலையிலிருந்து எழுதத் தொடங்குங்கள். முதல் வரிசை 1 முதல் 10. இரண்டாம் வரிசையை மறுபடி இடமிருந்தே தொடங்குங்கள்: 11 முதல் 20. பரமபதத்தில் வருவதுபோல் வளைந்து வளைந்து போகக் கூடாது. அப்போதுதான் 7-க்கு மேலே 17, அதற்கு மேலே 27 என்று நிற்கும். ஒரு வரிசை மேலே போனால் 10 கூடும் என்பது கண்ணுக்குத் தெரியும். 9 கூட்ட வேண்டுமா? ஒரு வரிசை மேலே, ஒரு கட்டம் பின்னே. 12 கூட்ட வேண்டுமா? ஒரு வரிசை மேலே, இரண்டு கட்டம் முன்னே. மனக்கணக்கில் தேர்ந்தவர்கள் செய்யும் குறுக்குவழிகள் எல்லாம் இந்தப் பலகையில் பாதைகளாக மாறிவிடுகின்றன.

காய்களுக்குப் புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பட்டன் எதுவும் ஆகும். உருட்டத் தாயக்கட்டை, இல்லையென்றால் சாதாரணப் பகடை.

முதல் விதி: சொல்லிவிட்டுத்தான் காயை நகர்த்த வேண்டும். "நாற்பத்தேழில் நிற்கிறேன். அஞ்சு விழுந்தது. அம்பத்திரண்டுக்குப் போறேன்." பிறகு ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு அதன் எண்ணைச் சொல்லிப் போய்ச் சரிபார்க்கலாம். விடையை முதலில் நினைவிலிருந்து எடுக்க முயல்வதும், உடனே சரியா என்று தெரிந்துகொள்வதும் சேர்ந்தால்தான் கூட்டல் நினைவில் உறைகிறது. நம் மனத்தின் வேலைநினைவு மிகக் குறுகியது. ஒரு நேரத்தில் சில செய்திகளையே தாங்கும். 8-உம் 5-உம் 13 என்பதை விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்கு அந்த இடமெல்லாம் எண்ணுவதிலேயே தீர்ந்துவிடும். பெரிய கணக்கின் அடுத்த படி நழுவிவிடும். 13 தானாக வந்து நின்றால் மனம் அடுத்த படிக்கு விடுபடுகிறது.

இரண்டாம் விதி: எதிராளி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். விடை தவறானால் அவர் காரணத்தோடு திருத்தலாம். "நாற்பத்தேழுக்கு மூணு போட்டா அம்பது, பாக்கி ரெண்டு, அதனால அம்பத்திரண்டு." காரணம் சொல்லித் திருத்தியவருக்கு இரண்டு கட்டம் முன்னேற்றம். வெறுமனே "தப்பு" என்று கத்தினால் ஒன்றும் கிடையாது. இந்த விதி இரண்டு பிள்ளைகளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கணக்குப் போட வைக்கிறது. தன் முறைக்காகச் சும்மா காத்திருக்கும் நேரம் இல்லாமல் போகிறது. பரீட்சையில் தவறினால் மதிப்பெண் போகும், மானம் போகும் என்ற பயம் இருக்கும். இங்கே தவறினால் எதிராளிக்கு இரண்டு கட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மூன்றாம் விதி: 5-இன் மடங்கில் காய் நின்றால் ஒரு சொல்சீட்டு எடுக்க வேண்டும். 20 சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 35-இல் நிற்கும் பிள்ளைக்கு இவை என்ன செய்யும் என்று பாருங்கள். "நிற்கும் எண்ணை 4-ஆல் வகு, மீதி எவ்வளவோ அவ்வளவு போ." ஈவு 8, மீதி 3, காய் 38-க்குப் போகும். "உன் எண்ணுக்கு எத்தனை காரணி, அத்தனை போ." 1, 5, 7, 35 என்று நான்கு, காய் 39-க்கு. "அடுத்த பகா எண்ணுக்குப் போ." 37. "இலக்கங்களை இடம் மாற்று, எண் பெரிதானால் அங்கே போ." 53. இந்தக் கடைசிச் சீட்டில் ஒரு புதையல் இருக்கிறது. 35-லிருந்து 53-க்கு 18, 45-லிருந்து 54-க்கு 9, 25-லிருந்து 52-க்கு 27. தாவும் தூரம் எப்போதும் 9-இன் மடங்காகவே இருக்கும். ஏன் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் இடமதிப்பின் உள்ளே போய்விட்டது என்று பொருள்: பத்தின் இடத்திலிருந்து ஒன்றின் இடத்துக்கு மாறும் ஒவ்வொரு இலக்கமும் தன்னைப்போல் 9 மடங்கை இழக்கிறது, எதிர்த்திசையில் மாறும் இலக்கம் 9 மடங்கைப் பெறுகிறது.

நான்காம் விதி: சரியாக 100-இல் போய் நின்றால்தான் வெற்றி. இனிக் கழித்தல் தேவைப்படும். தாயக்கட்டையில் ஆடினால் 99-இல் நிற்பதைவிட 97-இல் நிற்பது நல்லது. ஒன்று விழ 16-இல் 2 வழி, மூன்று விழ 16-இல் 4 வழி. 93-இல் நிற்பவருக்கு ஒரே உருட்டில் முடிக்க வழியே இல்லை, ஏனென்றால் தாயக்கட்டையில் ஏழு கிடையாது. சில ஆட்டம் ஆடிய பிள்ளைகள் இதைத் தாமாகவே கண்டுகொள்ளக்கூடும். பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

பெரிய பிள்ளைகளுக்கு அதே பலகை பின்னமும் சதவீதமும் ஆகிறது. ஒரு கட்டம் ஒரு சதவீதம், ஒரு வரிசை பத்தில் ஒரு பங்கு, 25 கட்டம் கால் காணி. முழுப் பலகையின் பக்கம் நிலத்தில் 240 அடி. ஆறுக்கு ஆறு கட்டம் மறித்தால் பக்கம் 144 அடி. பரப்பு 144-இன் வர்க்கம், 20,736 சதுர அடி. வீட்டில் தாத்தா சொல்லும் கணக்கும் புத்தகத்தில் இருக்கும் கணக்கும் ஒன்றுதான் என்று பிள்ளை அங்கே கண்டுகொள்ளும்.

யார் எங்கே ஆடலாம்

2021 அக்டோபர் 27-ஆம் தேதி, இதே விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் இழந்ததை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் தங்கள் தெருவிலேயே மாலை வேளையில் பாடம் நடத்தினார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கணித்தது. தெருத் திண்ணையில், கோயில் மண்டபத்தில், பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் ஒரு மணிநேரத்துக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் விளையாட்டையும் செயல்பாட்டையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. களம் தயாராகவே இருக்கிறது.

ஒரு ஊருக்குப் பத்துப் பலகை செய்ய ஒரு மாலை போதும். வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளைகள் ஆடும்போது அருகில் உட்காரும் பெரியவர் விடையைச் சொல்லாமல், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போதுதான் மடங்கும் மீதியும் காரணியும் பாடப்புத்தகத்தை விட்டுப் பிள்ளையின் சொந்தப் பேச்சாகின்றன. கணக்கு வராது என்று முத்திரை குத்தப்பட்ட பல பிள்ளைகள் கணக்கை வாய்விட்டுப் பேசும் வாய்ப்பே கிடைக்காதவர்கள். அந்த வாய்ப்பை ஒரு அட்டையும் நான்கு புளியங்கொட்டையும் கொடுக்கும் என்றால், அதைக் கொடுக்காமல் இருக்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை.